படத்தில் இருந்தவர் என் அண்ணன்தான்

பேருந்தில் கூட்டிப் போகும் ஆட்களுக்கு ஏறும்போதே பசியாற நாசி லெமாக் பொட்டலம் கொடுத்துவிட வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. வயிறு நிறைந்தவர்கள் வழியில் சண்டை போடுவதில்லை. புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து நாற்பது பேரைக் கோலாலம்பூர் ஓவியக் காட்சியகத்துக்கு அழைத்துப் போன அன்று ஒரு முணுமுணுப்புகூட எழவில்லை. கோயில் தலைவர் என்ற முறையில் ஏற்பாடு முழுக்க என்னுடையது. தனபாலன் என்ற பெயர் உங்கள் கோப்பிலேயே இருக்கும்.

முகுந்தன் என்ற அந்த ஓவியன் மனித முகங்களை மட்டுமே வரைகிறவன். அவன் அப்பா எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். அவன் நகரத்தில் வளர்ந்தவன், எங்களில் யாரையும் தெரியாது. இருந்தாலும் நம் பிள்ளையின் படங்கள் அவ்வளவு பெரிய கட்டடத்தில் தொங்கும்போது நாம் போய் நிற்காவிட்டால் நன்றாக இருக்குமா? அதனால்தான் போனோம்.

இரண்டாவது அறைச் சுவரில் என் அண்ணன் சின்னையா இருந்தார். கீழே இருந்த அட்டையில் இந்த ஆண்டு வரைந்தது என்று போட்டிருந்தது. அவர் இறந்து இரண்டு வருடமாகிவிட்டது என்று ஊருக்கே தெரியும்.

அவர் இறந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போனபிறகு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்தவர். அந்த நன்றியை நான் மறந்ததே இல்லை. எழுபது வயதுக்கு மேல் அவருக்கு மறதி வந்தது. ஒருநாள் இடுப்பில் துணியில்லாமல் அசாம் ஜாவா சாலையில் நடந்துபோனார். அந்தச் சமயம் பார்த்துத்தான் என் மகள் மாதவியைப் பெண் கேட்டு ரவாங்கிலிருந்து நல்ல குடும்பம் ஒன்று வந்தது. அண்ணனை அன்று பின்னறையில் உட்காரவைத்திருந்தேன். "வீட்டுல யாருக்கும் புத்தி கித்தி பிசகு இல்லயே?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். இல்லை என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது என் பழக்கம்.

அண்ணனைக் காசிக்கு அழைத்துப் போவதாக எல்லாரிடமும் சொன்னேன். அவரை ராசா என்ற ஊரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். காசிக்கு உண்மையிலேயே போனேன், ஐயா. புண்ணியத் தலத்தை வைத்துப் பொய் சொல்ல எனக்கு மனம் வராது. அங்கேயே உயிர் பிரிந்தது, பாதிச் சாம்பலைக் கங்கையில் கரைத்தேன், மீதியை ஊருக்குக் கொண்டுவந்தேன் என்று சொன்னேன். அந்தச் சாம்பல் மட்டும் செம்பனை மட்டை எரித்தது. சொம்பின் வாயைச் சிவப்புத் துணியால் கட்டியிருந்ததைப் பார்த்ததும் எல்லாரும் அழுதார்கள். யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. மாதவி மூன்று நாள் சாப்பிடவில்லை. பெரியப்பாவின் தோளில் வளர்ந்த பிள்ளை. அவள் அழுததைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் கல்யாண அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. அதில் அவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டாகிவிட்டது. அண்ணனுக்கு நான் செய்ததைப் பார்த்துத்தான் அடுத்த கூட்டத்தில் என்னைக் கோயில் தலைவராக்கினார்கள்.

காட்சியகத்தில் குமுதாதான் அண்ணனை முதலில் கண்டார். அவர் எங்கள் கோயில் மகளிர் பிரிவுக்காரர்.

"பாத்தீங்களாண்ணே, உங்க வீட்டு ஹால்ல மாலை போட்டு வெச்சிருக்கீங்களே, அந்தப் படத்தப் பாத்துதான் வரைஞ்சிருக்கான். அப்படியே உசுரோட உக்காந்திருக்க மாதிரி இருக்குலா," என்றார். சொல்லிக்கொண்டே தன் தலையிலிருந்த மல்லிகையை எடுத்துச் சட்டத்தின்மேல் வைத்தார். இன்னொருவர் பையிலிருந்து திருநீறு எடுத்தார். காவலாளி ஓடிவந்து கத்தினான். நான் இருதரப்பையும் சமாதானப்படுத்தி, நம் ஆட்களைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

சத்தம் கேட்டு முகுந்தன் வந்துவிட்டான். படத்தின்மேல் இருந்த பூவைப் பார்த்து, "ஏன் ஐயா பூ வெச்சாங்க? இவரு உயிரோட இருக்காரே," என்றான்.

"மரியாதைக்கு வெச்சது தம்பி. நம்ம ஆளுங்க அப்படித்தான்," என்றேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ராசாவுல ஒரு ஹோம்ல இருக்காரு. நாள் பூரா தம்பி தம்பின்னு யாரையோ கேட்டுக்கிட்டே இருப்பாரு. வர்ற ஞாயித்துக்கிழமை வேன் வெச்சு இங்க கூட்டிட்டு வரப்போறேன். அவரு படத்துக்குப் பக்கத்துல நிக்கவெச்சு பேப்பர்ல போடுறாங்க. அதப் பாத்தாவது அந்தத் தம்பி வருவாருல்ல?"

வருவார் என்றேன். நல்ல பையன். அவன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை.

திரும்பும் வழியில் பேருந்தே பாடிக்கொண்டு வந்தது. நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன். மாதவிக்கு ஏழாம் மாதம். மாமியார் வீட்டில் அவள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா? எனக்காக நான் எதுவுமே யோசிக்கவில்லை. வரும் மாதம் திருவிழா, தலைவர் இல்லாமல் நடக்காது என்பதை மட்டும் யோசித்தேன்.

சனிக்கிழமை காலை ராசாவுக்குப் போனேன். அங்கே பக்கத்து வீட்டுக்காரன் என்றுதான் என்னைப் பதிவு செய்திருந்தேன். அண்ணன் என்னைக் கண்டதும் "தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பார்த்துக்கொள்ளும் இராஜம்மா அதைக் கண்டு, "எல்லாரையும் தம்பின்னுதான் சொல்லுவாரு. பக்கத்து வூட்டுக்காரருக்கு இருக்கிற பாசம் கூடப் பொறந்தவனுக்கு இல்ல பாருங்க," என்றார். எனக்கும் அந்தத் தம்பியை நினைத்தால் வருத்தமாகத்தான் இருந்தது.

வெளியே கூட்டிப்போய் மாலைக்குள் கொண்டுவந்துவிடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். கோலசிலாங்கூர் வரும்வரை அண்ணன் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார். ஆற்றோரம் மீன்பிடிப் படகுகள் இப்போது வராத பழைய பலகைத்துறை ஒன்று இருக்கிறது. தண்ணீர் வற்றியிருந்தது. கடைசிப் படியில் அவரை உட்காரவைத்தேன். அதற்குக் கீழே முழங்கால் புதையும் சேறு. கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும் நேரத்தை முதல்நாளே பார்த்துவைத்திருந்தேன்.

"இங்கயே இருண்ணே. எந்திரிக்கக் கூடாது. நான் தே வாங்கிட்டு வரேன்."

"சீக்கிரம் வந்துருவியா?"

"இந்தா, வந்துர்றேன்."

நான் சொன்னால் அண்ணன் கேட்பார். மறதியில் எல்லாம் போனாலும் அது மட்டும் போகவில்லை. அசாம் ஜாவாவில் கடையில் உட்கார்ந்து இரண்டு தே குடித்தேன், ஒன்று அவர் பங்கு. பிறகு இராஜம்மாவுக்குப் போன் செய்து, ஐயாவின் சொந்தக்காரர்கள் வந்து அழைத்துப்போய்விட்டார்கள் என்றேன். தள்ளவில்லை, அடிக்கவில்லை. தண்ணீர் ஏறும் என்று தெரிந்து உட்காரவைத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன்.

பத்திரிகையில் வந்த ஓவியத்தை வைத்துத்தான் உடலை அடையாளம் கண்டதாகச் சொன்னீர்கள். முகுந்தன் சாயலை அச்சாகப் பிடித்திருக்கிறான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு திருத்தம். இறந்த தேதி என்று போன சனிக்கிழமையை எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு நாங்கள் ஐப்பசி வளர்பிறைப் பஞ்சமியில் திதி கொடுத்துவருகிறோம். இரண்டு வருடமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அதை மாற்றச் சொன்னால் ஐயரிடம் நான் என்ன சொல்வது? இருக்கும்போதுதான் அவரைச் சரியாகக் கவனிக்க முடியவில்லை. திதியிலாவது குளறுபடி வேண்டாம், ஐயா, அண்ணன் மனசு கஷ்டப்படும்.