ஆணியில் ஏறிய கரண்டி

இந்தச் சாப்பாட்டுக் கூடத்தின் தலைமை நாற்காலியை நிறைவாக நிறைத்து அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! வானம் ஏன் சூடாகிறது என்று எனக்குப் பொறுமையாக விளக்கிப் பொறுமையை இழந்த பொறியாளர் அம்மா அவர்களே! நூற்புப் பிரிவின் பெரியோர்களே! தையல் பிரிவின் தாய்மார்களே! வரிசையில் நின்று என் அண்டாவை எட்டி எட்டிப் பார்த்தே கழுத்து நீண்டுபோன தோழர்களே! எனக்கு முன்னால் நாலே வார்த்தை பேசி, நானூறு பேரின் கைதட்டலை அள்ளிக்கொண்டு போன இரண்டாம் அடுப்பின் நாயகனே, என் மனைவியின் தங்கையை மணந்தவனே, என் சகலையே! உங்கள் எல்லோருக்கும் முதல் அடுப்பின் முதல் வணக்கம்!

எழுத்து என் பக்கம் வந்ததில்லை. பெருவிரல்தான் என் கையெழுத்து. ஆனால் கேட்டதை மறந்தவனல்ல நான், கண்டதை மறந்தவனல்ல. என் குழம்பில் உப்புக் குறை என்று எவன் சொன்னான், அன்று அவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்பதையும் மறந்தவனல்ல. அங்கே தூணோரம் சிரிப்பது யார்? வெல்டர் தம்பியா? நீலச் சட்டை, தம்பி! நீலச் சட்டை!

இன்று நீங்கள் கைதூக்கி ஒரு முடிவெடுக்கப் போகிறீர்கள். வேலை நாள்தோறும் கொதித்த இறைச்சி அண்டா இனி வாரத்தில் ஒரே ஒரு நாள் கொதித்தால் போதுமா? மற்ற நாளெல்லாம் சகலையின் பயறும் காளானும் போதுமா? போதும் என்று கை உயர்ந்தால் என் அடுப்பு அணையும். "கிழவன் எதுத்துத்தான் பேசுவான்" என்று பந்தயம்கூடக் கட்டியிருப்பீர்கள். கட்டுங்கள்! அதற்கு முன் என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஆம், வயிற்றெரிச்சல்தான்! பங்காளிக் காய்ச்சலுக்கு மருந்துண்டு. சகலைக் காய்ச்சலுக்கு மருந்துண்டா?

இந்தச் சமையற்கட்டின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த அண்டா காலியாகிறதோ, அந்தச் சமையல்காரர் தன் கரண்டியைக் கழுவி, பரிமாறும் சன்னலின் மேலுள்ள ஆணியில் மாட்ட வேண்டும். வரிசையின் கடைசியில் நிற்பவரும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அந்த ஆணியில் முதலில் ஏறியது எவர் கரண்டி? என் கரண்டி! மழையிலும் என் கரண்டி, வெயிலிலும் என் கரண்டி, வேலை நிறுத்தம் முடிந்து திரும்பிய அன்றும் என் கரண்டி! சகலையின் கரண்டியோ சாயங்காலம் வரை அண்டாவுக்குள் சாய்ந்து கிடக்கும், மாமனார் வீட்டில் தங்கிவிட்ட மருமகனைப் போல.

அப்படிப்பட்ட ஆணியில், போன கோடையில் ஒரு நாள், நான் கிண்டிக்கொண்டிருக்கும்போதே 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், தொங்குகிறது. என்னுடையது அல்ல! மறுநாளும் டங்! அதற்கு மறுநாளும் டங்! அது ஆணியில் விழுந்த சத்தமா? அல்ல, என் நெஞ்சில் விழுந்த சத்தம்!

வீட்டுக்குப் போனால் அங்கும் நிம்மதி உண்டா? மனைவி ஒரு தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறாள்.

"என்னடி அது?"

"தங்கச்சி குடுத்தனுப்பினா. அவ வீட்டுக்காரர் வெச்ச பயறு."

"நான் வெச்ச கறி?"

"அது எங்க போகப்போகுது? இருக்கும்."

தாய்மார்களே, 'இருக்கும்' என்று சொன்னாள்! ஒரு சமையல்காரனைக் கொல்ல இதைவிடக் கூரான சொல் உண்டா?

மறுநாள் பொறுக்கவில்லை. பரிமாறும் நேரத்தில், இத்தனை பேர் வரிசையில் நிற்க, சகலையின் அண்டாவைக் காட்டி உரக்கக் கத்தினேன்: "இதுல எலும்புச் சாறு ஊத்துறான்! இல்லாட்டி இந்த ருசி எங்கேருந்து வரும்?" அவ்வளவுதான். பிறந்தது முதல் இறைச்சியைத் தொடாத தையல் பிரிவு அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அதோ அமர்ந்திருக்கிறார். முறைக்கிறார். முறையுங்கள் அக்கா, உங்களுக்கு உரிமை உண்டு.

சகலை கோபப்பட்டானா? அதுதான் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தன் கரண்டியை என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, அடி வரைக்கும் விட்டுக் கலக்கிப் பாருங்க. எலும்பு கெடச்சா நான் இன்னிக்கே வேலைய விட்டுடறேன்."

கலக்கினேன். உலர்ந்த காளான் வந்தது. தேன் நிறம் தாண்டிக் கறுக்கும் வரை காத்திருந்து வதக்கிய வெங்காயம் வந்தது. எலும்பு வரவில்லை. சரி, சாறாவது இருக்கும் என்று ஒரு வாய் வைத்தேன். சபையோரே! என் நாக்கு, நான் சோறு போட்டு வளர்த்த நாக்கு, "இன்னொரு வாய்" என்று கேட்டுவிட்டது! எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டது! வரிசை சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

தோற்றவன் என்ன செய்வான்? ஆயுதத்தைக் கூராக்குவான். இன்னும் இளசான இறைச்சி வாங்கி அவனை வெல்ல வேண்டும் என்று, நமக்கு மாடு தரும் கொட்டகைக்காரரைத் தேடி மலைச்சரிவு ஏறினேன். நான் முன்பு அங்கே போன காலத்தில் அந்தச் சரிவில் மரம் இருந்தது. மரத்தடியில் அவரைக் கொடி இருந்தது. பாதை திரும்பும் இடத்தில், சாய்ந்த பாறைக்கடியில் ஓர் ஊற்று இருந்தது. கல்யாணமான புதிதில் என் மனைவி அங்கே குனிந்து தண்ணீர் குடித்தாள்; வளையல் ஒன்று நழுவி ஊற்றுக்குள் விழுந்தது; பச்சை வளையல். தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு. அடியில் கிடந்த வளையலைப் பார்த்தபடியே கைவிட்டு எடுத்தேன்.

இப்போது ஏறினேன். மரம் எங்கே? மாட்டுத் தீவனச் சோளம். அவரை எங்கே? சோளம். கண்ணுக்கெட்டிய தூரம் சோளம், சோளத்துக்கு அப்பால் கொட்டகை, கொட்டகைக்கு அப்பாலும் கொட்டகை! பாறை மட்டும் இருந்தது. பழக்கத்தில் குனிந்தேன்.

"அய்யோ பெரியவரே, அதுல வாய் வெக்காதீங்க!" என்று கொட்டகைக்காரர் ஓடி வந்தார். "சாணக் கழிவெல்லாம் அதுலதான் எறங்குது."

"ஏய்யா, இந்த மலைய இப்படியா மொட்டையடிப்ப?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நானா அடிச்சேன்? உங்க ஆலைதான் என் பெரிய வாய். நீங்க அண்டாவ மாத்தினப்ப நான் கொட்டகைய நீட்டினேன். மறுபடி பெரிய அண்டா எறக்கினீங்க, மறுபடி நீட்டினேன். மாடு காத்தயா திங்கும்? அதுக்குச் சோளம், சோளத்துக்கு நெலம். உங்க அண்டாவக் கேளுங்க பெரியவரே!"

பெரிய அண்டா வேண்டும் என்று நிர்வாகத்திடம் அடம்பிடித்து வாங்கியவன் யார்? தலைவர் என்னைப் பார்க்கிறார். ஆமாம், நான்தான். சகலையின் அண்டாவைவிட என் அண்டா பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் வாங்கினேன். என் அண்டாவின் வாய் அகன்றது. மலையின் மரம் குறைந்தது. என் குழம்பு கொதித்தது. ஊற்றின் கண் அவிந்தது. நாம் உண்டோமா மாட்டை? மரத்தை உண்டோம்! மண்ணை உண்டோம்! பிள்ளைகள் குடிக்க வேண்டிய தண்ணீரை உண்டோம்!

மாடு விடும் ஏப்பம்கூட வானத்தைச் சூடாக்குகிறது என்று பொறியாளர் அம்மா சொன்னபோது, "அப்ப நம்ம தலைவர் விடற ஏப்பம்?" என்று கேட்டுச் சிரித்தவன் நான். தலைவர் பொறுத்தருள வேண்டும். அந்தப் பாறையருகே நின்றபோது சிரிப்பு வரவில்லை.

ஆகவே தோழர்களே, வாரத்தில் ஒரு நாள் போதும்! அதையும் பழைய சின்ன அண்டாவில் வைக்கிறேன். பந்தயத்தில் தோற்றவர்கள் வெளியே போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால்... ஆனால்! கைதட்டலை நிறுத்துங்கள், இன்னும் முடியவில்லை. கிழவன் மனம் தெளிந்துவிட்டது, பொறாமை போய்விட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். போகவில்லை! இதோ நெஞ்சில் கொதிக்கிறது. முதல் அடுப்பை அணைக்கச் சொன்னால் அணைப்பேனா? மாட்டேன். நாளை முதல் அந்த அடுப்பிலும் பயறு ஏறும். காளான் எனக்கும் கிடைக்கும். வெங்காயத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டு வளர்ந்தவன் நான், அதைக் கறுக்க வைக்க எனக்குத் தெரியாதா? மலையில் மறுபடி அவரை போடச் சொல்லிக் கொட்டகைக்காரரிடம் பேசிவிட்டேன். முதல் காய் முதல் அடுப்புக்குத்தான்!

அதோ! அதோ பாருங்கள், சகலையின் முகத்தை! இவ்வளவு நேரம் நிலவாக இருந்தது இப்போது புளித்த மோராக மாறுகிறதா இல்லையா? "அண்ணே, பயறு என் அடுப்பாச்சே" என்று வாய் முணுமுணுக்கிறதா இல்லையா? சபையோரே, போன கோடைக்குப் பிறகு இன்றைக்குத்தான் என் வயிறு குளிர்ந்தது!

சகலை, எரிகிறதா? எரியட்டும். நீ என்னைவிட ருசியாக வை. நான் உன்னைவிட ருசியாக வைக்கிறேன். நம் இருவர் வயிறும் எரிந்தால் இந்த நானூறு வயிறும் நிறையும், அந்த ஒரு மலை மறுபடி நனையும்.

என் உளறலைப் பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. முறைத்துக்கொண்டே கேட்ட தையல் அக்காவுக்குத் தனி நன்றி. தலைவர் கேட்கும் முன்பே இதோ என் கையைத் தூக்கிவிட்டேன். உங்கள் கைகளையும் உயர்த்துங்கள். நாளை மதியம் 'டங்' என்று சத்தம் கேட்டால், எவர் கரண்டி என்று நிமிர்ந்து பாருங்கள்.

வணக்கம்!