நெஞ்சு அகலம் பத்தாது

இல்லக்கா, இதுவும் பத்தாது. நீளத்த விடுங்க, நீளம் குறைஞ்சாலும் பரவாயில்ல. நெஞ்சுப் பக்கம் அகலமா ஒண்ணு குடுங்க. எனக்கு இதுவே தொளதொளன்னுதான் இருக்கு, தெரியுது. கொடில காயப்போட்ட மாதிரியா? இருக்கட்டும்க்கா. இன்னும் பெருசு இருக்கான்னு பாருங்க. அதோ, அந்த மூலைல தொங்குதே, அது?

நீங்க தமிழ்ல பேசினதும்தான் எனக்கு உசுரே வந்துச்சு. பக்கத்து கவுன்ட்டர் ஆளுகிட்ட, இவ்ளோ அகலம் வேணும்னு கைய விரிச்சுக் காட்டினேன். நான் கட்டிப்பிடிக்க வர்றேன்னு நெனச்சு பின்னாடி நகந்துட்டாரு. நீங்களும் இங்க படிக்கறீங்களா? இந்த வேலை பார்ட் டைமா? நல்லதாப் போச்சு. பட்டம் வாங்கறப்ப கவுன் இல்லாம மேடைல ஏத்த மாட்டாங்களாமே. நேரமானா கதவ வேற சாத்திடுவாங்களாம். அதான் சீக்கிரம் பாருங்கங்கறேன்.

பேரா? உங்க கம்ப்யூட்டர்ல இருக்கே. வாயால சொல்லணுமா? அது எப்படிக்கா... விரல வெச்சுக் காட்டறேனே. இந்தா, இதுதான். இல்ல, மறந்தெல்லாம் போகல. அது எங்கப்பா பேரு.

எம்பேரு பின்னாடி இருக்கு பாருங்க, ரயில்ல கடைசிப் பெட்டி மாதிரி. ஊர்ல அப்பா எனக்கு ஒரே ஒரு எழுத்துதான். எம்பேருக்கு முன்னாடி ஒரு புள்ளிய வெச்சுக்கிட்டு செவனேன்னு நிப்பாரு. பாஸ்போர்ட் எடுக்கறப்ப அத முழுசா விரிச்சு எழுதச் சொன்னாங்க. விரிச்சேன். அவ்ளோதான், இங்க வந்து பாத்தா அவரு மொத சீட்டப் பிடிச்சு உக்காந்துட்டாரு, நான் பின்னாடி தொங்கறேன்.

மொத நாள் கிளாஸ்ல ப்ரொஃபசர் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடறாரு. நான் பதறி எழுந்து வாசலப் பாக்கறேன், அப்பா எதுக்குடா இங்க வந்தாருன்னு. எழுந்து நின்னேன் பாருங்க, ப்ரெசன்ட் போட்டுட்டாரு. அன்னிலேருந்து நான்தான் எங்கப்பா.

எங்க வீட்ல அந்தப் பேர யாரும் சொல்ல மாட்டாங்கக்கா. அம்மாவுக்கு அவரு வெறும் என்னங்கதான். லாரிக்காரங்களுக்குப் பஞ்சர் அண்ணன். டயர் கடை வெச்சிருக்காரு. பேரச் சொல்றது எங்க அத்தை ஒருத்தங்கதான், அவரோட அக்கா, அதுவும் கோவம் வந்தா மட்டும். இங்க வந்து ஓட்டல் வேலைக்குச் சேந்தா, அந்தப் பேரச் சட்டைல பேட்ஜா குத்திவிட்டாங்க. மேனேஜர் அப்பா பேரச் சொல்லிக் கத்துவாரு, டாய்லெட் அடைச்சிருக்கு, போய்ப் பாருன்னு. அப்பாவ எப்படிக்கா அதுக்குள்ள கூட்டிட்டுப் போறது? பேட்ஜக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுட்டுத்தான் போவேன். வெளிய வந்தா, பேட்ஜ் எங்கன்னு திட்டு. அதுவும் அப்பா பேரச் சொல்லித்தான்.

ரூம்ல இது தெரிஞ்சு போச்சு. நாங்க நாலு பேரு, ஒரே ஜன்னல். என்னவிடப் பெரியவன் ஒருத்தன், மீசையெல்லாம் நரைச்சுக்கிட்டு வருது, என்ன அப்பான்னு கூப்பிடறான். அப்பா, பாத்திரம் கழுவற முறை உங்களுதுங்கறான்.

சிரிங்க, சிரிங்க. இதக் கேளுங்க. கூடப் படிக்கற பொண்ணு ஒண்ணு, ஒரு நாள் லைப்ரரில பக்கத்துல வந்து உக்காந்து, மெதுவா அப்பா பேரச் சொல்லி, நீ சிரிச்சா அழகா இருக்கேன்னுச்சு. எனக்கு வேற என்னக்கா தோணும்? அம்மா மொகந்தான் வந்துச்சு. பைய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

ஆங், தொப்பியா? தொப்பியும் பெருசாவே குடுங்க. உள்ள எண்ணெய்க் கறை பட்டா திட்டுவாங்களா? இல்ல, எந்தலைல எண்ணெய் இல்லதான். சும்மா கேட்டேன். மேடைல யாராவது ஐடி கார்டு வாங்கி மொகத்தப் பாப்பாங்களா? பாக்க மாட்டாங்களா. பேரக் கூப்பிட்டதும் போய்க் கை குடுத்து வாங்கிட்டு எறங்கறது, அவ்ளோதானா. சரி சரி. இதுவும் சும்மாதான்.

பேர மாத்தச் சொல்லாம இருப்பேனா? அதுக்கு முன்னாடி நடந்தது ஒண்ணு இருக்கு. மொத செமஸ்டர்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போச்சு. மெயில்ல அப்பா பேரப் போட்டு, நீங்கள் தேர்ச்சி பெறவில்லைன்னு வந்துருச்சு. பொய் சொல்ல வரல எனக்கு. போன் பண்ணி, அப்பா, நீங்க ஃபெயிலாயிட்டீங்கன்னு சொல்லிட்டேன். வாய் தவறிச் சொல்லல. மெயில்ல இருந்தத அப்படியே சொன்னேன்.

அவரு கோவிப்பாருன்னு பாத்தா, கோவிக்கல. மறுபடி எழுத விடுவாங்களாடான்னாரு. விடுவாங்கப்பான்னேன். பரவாயில்லையே, அந்தக் காலத்துல என்னய விடலயேன்னாரு. அஞ்சாங் கிளாஸ்ல ஃபெயிலாகி நின்னவருக்கா அவரு. அதோட கொண்டுபோய் டயர் கடைல விட்டுட்டாங்க.

அன்னைக்குப் பிடிச்சது. தெனம் போன் பண்ணி, இன்னைக்கு எனக்கு என்னடா பாடம்ங்கறாரு. சராசரின்னா என்னன்னு சொன்னேன். ஒரே லாரில ஒரு டயர்ல காத்து நெறைய, இன்னொண்ணுல இல்லவே இல்ல, சராசரி பாத்தா வண்டி நல்லாருக்குன்னு வருமே, இது என்ன படிப்புடான்னு சண்டைக்கு வந்துட்டாரு. கஸ்டமர்கிட்ட, எனக்குப் பரீட்சை இருக்கு, டயர நாளைக்கு வந்து எடுத்துக்கோங்கன்னு திருப்பி அனுப்பறாராம். அம்மா அதுக்கு மேல. பரீட்சைய வெச்சுக்கிட்டு உங்களுக்கு என்னங்க டிவின்னு அணைச்சுடறாங்க. அவரும் எழுந்து போயிடறாராம்.

ரெண்டாவது தடவை பாஸ். சொன்னேன். அம்மா போன வாங்கி, உங்கப்பா தெருவுல நின்னு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துக்கிட்டிருக்காருடா, கடைல ஒருத்தன் டயரக் கழட்டிப்போட்டு நிக்கறான், நீயாவது வந்து சொல்லுன்னாங்க.

ஆமா, பேரு. அப்பறம் ஆபீஸ்ல போய், இது எங்கப்பா பேருங்க, மாத்துங்கன்னு நின்னேன். மாத்தினாங்க. எப்படி? எம்பேர்ல புதுசா ஒருத்தன உண்டாக்கிட்டாங்க! படிச்சதெல்லாம் அப்பா கணக்குல. புதுசா வந்தவன் ஒரு நாள்கூட கிளாஸுக்கு வரலயாம், அவன வெளிய அனுப்பப் போறோம்னு எனக்கு மெயில். ஓடிப்போய்ப் பேசினேன். ஆபீஸ்ல ஒரு அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் வெச்சுக்க முடியும், யார எடுத்துடலாம்னாங்க. ஒருத்தரு கஷ்டப்பட்டுப் பாஸாகி நிக்கறாரு. இன்னொருத்தன் எட்டிக்கூடப் பாக்காதவன். நீங்களே சொல்லுங்கக்கா. என்னயே எடுத்துடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஆ, இது! இதுதான்க்கா, இதுதான் சரி. இடது தோள்ல மட்டும் உள்ள மடிச்சு ஒரு பின்னு குத்தணும். இடது தோளு எறங்கியிருக்கும், லாரி டயரத் தூக்கித் தூக்கி.

எனக்கு நேராத்தான் இருக்கு. நான் எங்க டயர் தூக்கினேன்.

அதோ, தூணுகிட்ட நிக்கறாரு பாருங்க. கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கிட்டு. கடையப் பூட்டிட்டு நேத்துதான் வந்து எறங்கினாரு. வேடிக்கை பாக்க வந்திருக்கறதா நெனச்சுக்கிட்டிருக்காரு. அவருக்குக் குடுத்த விருந்தாளி சீட்ல நான் உக்காந்துக்கறேன்க்கா, அதுல ஒண்ணும் பிரச்சனை இல்லயே? பயமாத்தான் இருக்கு. ஆனா உள்ள அந்தப் பேரக் கூப்பிட்டா நான் எப்படி எழுந்து போறது?

பின்னு இப்பக் குத்தாதீங்க, அவரு தோளப் பாத்துக் குத்திக்கலாம். நீங்களே கூப்பிடுங்களேன். நான் அப்பான்னு கூப்பிட்டா, நீ போடா, உன் வேலையப் பாரும்பாரு. நீங்க லிஸ்ட்ல இருக்கற மாதிரி பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. பேரச் சொன்னா வந்துதானே ஆகணும்.

கொஞ்சம் சத்தமாக்கா.