சுறாவின் வயிற்றில் பூச்சி

தரங்கம்பாடியிலிருந்து குத்தாலம் போகும் பஸ். முன் சீட்டில் கணவனும் மனைவியும். மடியில் தூக்குவாளி; பிள்ளை பெற்ற மகளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு.

“சுறாவுக்கும் வயித்துல பூச்சி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. குடல அறுத்தா நாடா மாதிரி நெளியுது.”

“குடலத்தான் தூக்கிப் போட்டாச்சே. சதைய நல்லா வேகவச்சுதானே உதுத்த?”

“பச்ச உடம்புக்காரிங்க. மாப்பிள்ளையும் குத்தகை கேஸுன்னு கோர்ட்டுக்கு அலையுறாரு. ஏதாவது ஆச்சுன்னா யாரு பாக்குறது?”

“அதுக்குத்தான் காலையில ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் பாத்தேன். ஒண்ணும் பண்ணல.”

“பாத்தேன். நீங்க அந்தாண்ட போனதும் நானும் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன்.”

“நீ எதுக்குடி?”

“உங்களுக்கு ஒண்ணுன்னா, நான் மட்டும் நல்லா இருந்து யாருக்கு ஆக்கிப் போடுறது?”

அவர் தூக்குவாளியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“பொண்ணுக்கு ஏதாவது மிச்சம் இருக்கா?”