இரண்டாவது குழு

நான் நன்றாகத் தூங்குகிறேன். படுத்தால் அடித்துப்போட்டது போலத் தூங்கி, அலாரம் இல்லாமலே எழுந்துவிடுவேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். பிறருடைய தூக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதே இத்தனை வருடமாக என் பிழைப்பு. என்னிடம் ஒருவர் அதைத் திருப்பிக் கேட்பது கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருக்கிறது.

பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளிடம் "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பார்கள். விடிய விடிய அழுதுவிட்டு, முகம் கழுவிய ஈரம் காயாமல் வந்து நிற்கிற பிள்ளையும் அதையேதான் சொல்லும். அதனால் நாங்கள் சுற்றி வளைத்துக் கேட்போம். இந்த வாரம் சாப்பிடப் பிடிக்காமல் போனதா, படித்தது மறுநாள் மறந்துபோனதா, காரணமில்லாமல் அழுகை வந்ததா. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சொன்னால் போதும், ஐந்து என்றால் ரொம்ப மோசம். மனிதர்கள் மழுப்புவார்கள், எண் மழுப்பாது என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகளும் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்கள்.

ஆய்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கும் முதல் வருடப் பிள்ளைகள் சில மாதங்களில் வாடிப்போகிறார்கள். உடம்பு இளைக்கிறது, பாடம் தலையில் ஏறுவதில்லை. இதற்குப் பெரிய மருத்துவமெல்லாம் வேண்டாம், வாரம் ஒருமுறை யாராவது போன் செய்து அக்கறையாக நாலு வார்த்தை விசாரித்தாலே பாதி சரியாகிவிடும் என்பது என் எண்ணம். அதை நிரூபிக்க இரண்டு குழுக்கள் வேண்டும். முதல் குழுவுக்குக் கேள்விகளும் உண்டு, அந்த விசாரிப்பும் உண்டு. இரண்டாவது குழுவுக்குக் கேள்விகள் மட்டும். தேர்வுகள் முடிந்து ஆய்வு நிறைவடைந்ததும் அவர்களுக்கும் விசாரிப்பு கிடைக்கும். யார் எந்தக் குழு என்பதைக் கணினி குலுக்கிப் போடும். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். இதில் நான் புதிதாகக் கண்டுபிடித்த கொடுமை எதுவும் இல்லை.

அந்த வருடம்தான் என் அக்கா மகள் எங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். சின்ன வயதிலிருந்தே வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். பெட்டியோடு அவளை விடுதியில் விட வந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இருக்கேங்கற தைரியத்துலதான் விட்டுட்டுப் போறேன். இவ தொணதொணன்னு பேசுவா, கொஞ்சம் பொறுத்துக்கோ."

"சித்தி, காதுக்குத் தனியா ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்து வச்சுக்குங்க" என்றாள் சில்வண்டு.

ஆய்வுக்கு ஆள் சேர்த்தபோது அவளும் வந்து நின்றாள். "நான் இல்லாம என்ன ஆராய்ச்சி?" என்றாள். சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஆள் பற்றவில்லை. வளாகத்துக்குள் என்னைச் சித்தி என்று கூப்பிடக் கூடாது, மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டேன். அதன் பிறகு தாழ்வாரத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வணக்கம் மேடம்" என்று தேவைக்கு மேல் குனிந்துவிட்டுப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவாள். சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, அறைத்தோழியின் குறட்டையிலிருந்து வேதியியல் ஆசிரியரின் சட்டைப் பொத்தான் வரை எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரத்திலேயே நான் சிரிக்கிற நேரம் அது ஒன்றுதான்.

பருவத்தின் நடுவில் கணக்கைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு குழுக்களுமே தேறிக்கொண்டிருந்தன. விசாரிப்பே கிடைக்காதவர்கள் எப்படித் தேற முடியும்? உதவியாளர்கள் போன் செய்கிற அறையில் போய் ஓரமாக உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். என் உதவியாளர் ஒரு பெண். இரண்டாவது குழுப் பையன் ஒருவனிடம் கேள்விகளை முடித்துவிட்டு, "என்னப்பா, குரல் கம்மி இருக்கு, சாப்பிட்டியா?" என்றாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சாப்பிட்டியான்னு கேக்கறது ஒரு தப்பா மேடம்? தன்னால வாயில வந்துடுது" என்றாள் அவள்.

"தப்பே இல்லம்மா. அதுதான் மருந்து. ரெண்டு பேருக்கும் மருந்தைக் குடுத்துட்டா, அது வேலை செஞ்சுதான்னு நாம எப்படிச் சொல்றது?"

அன்றிலிருந்து இரண்டாவது குழுவிடம் கேள்வித்தாளில் இல்லாத ஒரு சொல்லும் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டேன். பதில் வந்ததும் 'நன்றி, அடுத்த கேள்வி.' அவ்வளவுதான். இருமினாலும் அழுதாலும் 'நன்றி, அடுத்த கேள்வி.' உதவியாளர்களை உட்காரவைத்துப் பழக்கினேன். குரலில் ஈரம் இல்லாமல் பேச அவர்களுக்கு வெகு நேரம் பிடித்தது. நம் ஆட்களுக்கு அது சுலபத்தில் வருவதில்லை.

ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் என்று நான் இருக்க முடியாது. சில்வண்டு இரண்டாவது குழு. ஞாயிறுதோறும் என் சமையலறையில் அவள் மருந்தை வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிகிற வரைக்கும் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்னேன்.

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா சித்தி?"

"அதெல்லாம் இல்ல. எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்கு."

"நான் பேசாம உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

வேண்டாம் என்றேன். பிறகு அக்காவிடம் பேசினேன். அக்கா தினமும் மகளுக்குப் போன் செய்து வெகுநேரம் கதையளப்பாள். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களும் பேசுவார்கள்தான், ஆனால் இவ்வளவு இல்லை. அதைக் குறைக்கச் சொன்னேன்.

"அவ குரலைக் கேக்காம எனக்குச் சாப்பாடு எறங்காதே" என்றாள் அக்கா.

"நீ இப்படித் தெனம் கூப்பிட்டா அவ எப்பதான் சொந்தக் கால்ல நிப்பா? பரீட்சை வரைக்கும் விட்டுப் புடி. அவ கூப்பிட்டாலும் ரெண்டு வார்த்தையில முடிச்சுடு."

"நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு கணக்கு சீராகிவிட்டது. பிள்ளைகளின் தெம்பைக் காட்டும் வரைபடத்தில் ஒரு கோடு மேலே போக, இன்னொரு கோடு வாரத்துக்கு வாரம் கீழே இறங்கியது. துறைத்தலைவர் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் பெருமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? இறங்கிய கோட்டில் இருப்பவர்கள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிற பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சில வாரங்களில் அவர்கள் முறையும் வரும் என்று இருந்தேன். காத்திருப்பது யாரையும் கொன்றுவிடாது என்றுதான் நானும் நினைத்தேன், நீங்கள் அங்கே இருந்திருந்தால் நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

தேர்வுக்குச் சற்று முன்னால் உதவியாளப் பெண் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், அந்த வேதியியல் பொண்ணு கேள்விக்கு நடுவுல அழுவுது. 'அக்கா, ஒரு நிமிஷம் சும்மா பேசிட்டிருக்கலாமா'ன்னு கேட்டுச்சு. நான் அடுத்த கேள்வின்னுட்டேன். எனக்கு மனசே ஆறலை மேடம்."

அது யார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மொத்த மதிப்பெண் ஓர் எல்லையைத் தாண்டினால் அன்றைக்கே மனநல ஆலோசகரிடம் அனுப்பி, ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும். அவளுடையது எல்லைக்குக் கீழே, ஆனால் ஒட்டிக்கொண்டு நின்றது. உதவியாளப் பெண் மனம் இளகி ஏதாவது பேசிவிடப் போகிறாளே என்று, அந்த ஓர் அழைப்பை மட்டும் நானே செய்வதாகச் சொல்லிவிட்டேன்.

மத்தியான நேரம். கதவைச் சாத்திவிட்டு, தாளை முன்னால் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"வணக்கம். இந்த வாரத்துக்கான கேள்விகள். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் பதில் சொல்லவும்."

மறுமுனையில் மெதுவாக, "சித்தி?" என்றாள்.

"முதல் கேள்வி. இந்த வாரம் தூங்குவதற்குச் சிரமப்பட்டீர்களா?"

"சித்தி, நீங்கதானே? ஐயோ, நீங்களா பேசறீங்க?" அந்தக் குரலில் வந்த சந்தோஷம் இன்னும் என் காதில் நிற்கிறது.

"முதல் கேள்வி" என்று மறுபடி படித்தேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்போதும் சுருக்கென்று பிடித்துக்கொள்கிற பிள்ளை. "அஞ்சு" என்றாள். நன்றி சொல்லி அடுத்த கேள்விக்குப் போனேன். அதற்கும் அஞ்சு. சாப்பாட்டுக்கு அஞ்சு, பாடம் மறந்துபோவதற்கு அஞ்சு. ஒரு நாள் முழுக்கப் பேசினாலும் அலுக்காத பெண், எண்ணைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று கேட்டபோது மட்டும் தயங்கினாள்.

"அஞ்சுக்கு மேல இல்லையா சித்தி?"

"நன்றி. அடுத்த கேள்வி."

எல்லாம் முடிந்ததும் போனை வைக்கப் போனேன். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். தாளில் அதற்குப் பதில் இல்லை. வைத்துவிட்டேன்.

கூட்டிப் பார்த்தால் எல்லையை எங்கோ தாண்டியிருந்தது. இங்கேதான் நீங்கள் நான் செய்ததைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கேட்பவர் தெரிந்தவர் என்றால் பதில் சொல்பவர்கள் கூட்டிச் சொல்வார்கள். இது எங்கள் துறையில் பாலபாடம். அவள் என் குரலைக் கண்டுகொண்டுவிட்டாள், என் கவனத்தை இழுக்க எல்லாவற்றுக்கும் ஐந்து சொல்கிறாள். இது கெட்டுப்போன தரவு, கணக்கில் சேராது. அப்படித்தான் முடிவு செய்தேன். சேராத மதிப்பெண் எல்லையைத் தாண்டினால் என்ன, தாண்டாவிட்டால் என்ன? தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, மாலை வகுப்புக்குப் போனேன். நினைவாற்றலைப் பற்றிப் பாடம் எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன்.

மறுநாள் காலை விடுதிக் காப்பாளர் கூப்பிட்டார். நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை, மருத்துவமனை அறிக்கை உங்கள் விசாரணைக் கோப்பில் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். துணிக்கு வெளியே தெரிந்த பாதத்தில் செருப்பு வார் அழுத்திய தடம் இருந்தது. அதைத் தேய்த்துவிட்டால் போய்விடும் போல இருந்தது. தேய்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நர்ஸ் வந்து என் கையை எடுத்துவிட்டார்.

அக்கா மத்தியானம் வந்தாள். என்மேல் விழுந்து அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"முந்தாநாள் அவளே கூப்பிட்டா. 'அம்மா, கொஞ்ச நேரம் பேசும்மா'ன்னா. நீ சொன்னியேன்னு, அடுப்புல வேலை இருக்குன்னு வச்சுட்டேன். அடுப்புல ஒண்ணும் இல்லடி. அடுப்பை நான் பத்தவே வைக்கலை."

இங்கே வந்து அமைதியாகப் பேசுகிறேன் என்பதால் எனக்குத் துக்கம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். பல் விழுந்த வாயோடு என் மடியில் உட்கார்ந்து உளறியவள். இப்போது என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வருவதே எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் இதுவரை கேட்டதெல்லாம் உதவியாளப் பெண் உங்களிடம் சொன்னதை வைத்துத்தான். அவள் பொய் சொல்ல மாட்டாள். என் அழைப்பையும், நான் ஒதுக்கிவைத்த மதிப்பெண்ணையும் நீங்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. எனக்கும் கணினிக்கும் மட்டும் தெரிந்தது. நீங்கள் கேட்காமலே அதையும் சொல்லிவிடுகிறேன்.

குலுக்கலில் என் அக்கா மகள் முதல் குழுவில்தான் விழுந்தாள். வாராவாரம் அந்த உதவியாளப் பெண்ணே கூப்பிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று அவள் போதும் போதும் என்கிற வரைக்கும் கேட்டிருப்பாள். நான்தான் மாற்றினேன். அவள் யார் என்பது என்றைக்காவது வெளியே தெரியும், அன்றைக்கு, சொந்த அக்கா மகளுக்கு நல்லதை ஒதுக்கிக்கொடுத்தாள் என்று ஒருத்தர் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாது. அதற்காக அவளை இரண்டாவதில் போட்டு, அங்கே இருந்த வேறொரு பெண்ணை முதலாவதுக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பெண் இப்போது நன்றாக இருக்கிறாள். தேர்வில் பாஸாகிவிட்டாள். நேற்றுக்கூட தாழ்வாரத்தில் தோழிகளோடு சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

என்மேல் எந்தக் குற்றத்தை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேண்டியவள் என்று அவளுக்கு நான் எந்தச் சலுகையும் காட்டவில்லை என்பதை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.