சிர்காவோட ரெண்டாவது தாள்

இல்லல்ல, அந்த நாற்காலி வேணாம் சார், கால் ஆடும். அடுப்புப் பக்கமா இப்படி வந்து உக்காருங்க. பூட்ஸெல்லாம் ஒரே ஈரமா இருக்கே, நடந்தா வந்தீங்க? மாவட்டக் கல்வி ஆபீஸ்காரங்க ஜீப்ல வந்துதான் நான் பாத்திருக்கேன். ம்... ரிப்பேரா. இருக்கும், இந்தக் குளிர்ல வண்டியையும் குத்தம் சொல்ல முடியாது.

நீங்க கேட்ட அந்தப் பொண்ணு சிர்காவோட நோட்டு பீரோவுக்குள்ள இருக்கு. சாவி வாட்ச்மேன்கிட்ட. அடுப்புக்குக் கரி எடுக்கப் போயிருக்காரு, வந்துருவாரு. அதுக்குள்ள ஒரு டீ குடிங்க. போர்சோக் எடுத்துக்குங்க, காலைல எண்ணெயில பொரிச்ச மாவுதான். க்ரீம் தொட்டுச் சாப்பிட்டா நல்லாருக்கும்.

எதுக்கு மூணாங்கிளாஸ் புள்ளைங்களுக்குக் கருத்துக் கட்டுரைன்னா கேட்டீங்க? நீங்க கேக்கறதுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு. போன வருஷம் உங்க ஆபீஸ்தானே எங்களையெல்லாம் நாரின் டவுனுக்குக் கூப்பிட்டு மூணு நாள் பயிற்சி குடுத்துச்சு. அப்ப நீங்க வேற பிரிவுல இருந்திருப்பீங்க. சரி, சரி.

ஒண்ணும் பெரிய வித்தையில்ல சார். உனக்கு என்ன வேணுமோ அத மொதல் வரில பட்டுனு சொல்லு. அப்புறம் மூணு காரணம். ஒவ்வொரு காரணத்துக்கும் நீ கண்ணால பாத்த ஒரு விஷயம் இருக்கணும், யாரோ சொன்னது செல்லாது. எல்லாத்துக்கும் மேல, யாரால அதச் செய்ய முடியுமோ அவங்களுக்கு எழுதணும். சும்மா காத்துக்கு எழுதக்கூடாது.

எல்தோஸ்னு ஒரு பய. ஹெட்மாஸ்டருக்கு எழுதினான், என் கழுதைய ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள கட்ட விடணும்னு. வெளிய கட்டினா அது கேட்டையே மோந்துக்கிட்டு நிக்குது, எனக்குக் கணக்கு ஏற மாட்டேங்குதுன்னு ஒரு காரணம். ஹெட்மாஸ்டர் ரெண்டு நாள் சிரிச்சாரு. மூணாம் நாள் விறகுக் கொட்டாய்ல எடம் ஒதுக்கிட்டாரு. அதுலேருந்து பசங்களுக்கு ஒரே வேகம். எழுதினா நடக்கும்னு தெரிஞ்சுபோச்சுல்ல.

சிர்காவா. சொல்றேன். இந்த வகுப்புல ரெண்டு சிர்கா இருக்காங்க, நீங்க எந்த சிர்கான்னு சொல்லவேயில்லையே. இடது கையால எழுதறவளா? ஓஹோ. எங்க ரெஜிஸ்டர்ல அதெல்லாம் எழுத மாட்டோமே சார். கையெழுத்தப் பாத்தாலே தெரியுமா? தெரியலாம், உங்களுக்கு அனுபவம் இருக்கும்.

குடுங்க, அந்தத் தாளப் பாக்கறேன். நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சிருக்கீங்க. ஆபீஸ்ல ஃபைல் குடுக்கறதில்லையா?

ம். இது அவ எழுதினதுதான். மொதல் தாள். அம்மா, நாம இந்த வீட்ட விட்டுப் போகணும். இப்படித்தான் ஆரம்பிச்சா. நான்தான் சொல்லிக் குடுத்தேனா? சார், இங்க பாருங்க, காரணம்னு எழுதத் தெரியாம கரணம்னு எழுதியிருக்கா, மூணு எடத்துல. நான் சொல்லி எழுத வச்சிருந்தா அந்தத் தப்பு இருக்குமா? நான் சொல்லிக் குடுத்தது வரிசை மட்டுந்தான். உள்ள இருக்கறது அவ வீட்டுச் சமாச்சாரம்.

மொதக் காரணத்தப் படிச்சீங்கல்ல. அப்பா ரஷ்யாவுலேருந்து வந்ததுலேருந்து நான் வீட்டுப்பாடத்த மாட்டுக் கொட்டாய்ல உக்காந்து எழுதறேன். அங்க வெளிச்சம் பத்தாது, ஆனா சத்தம் இல்ல. ரெண்டாவது, அம்மாவோட ஒடிஞ்ச கை. ஆஸ்பத்திரில கேட்டப்ப ஐஸ்ல வழுக்கிட்டேன்னு சொன்னாங்க. அன்னைக்கு ஐஸே இல்ல. கண்ணால பாத்தத எழுதுன்னேன்ல, எழுதிட்டா. மூணாவத நீங்களே படிச்சிருப்பீங்க சார். பத்தொம்பது வருஷமா வாத்தியார் வேலை பாக்கறேன், ஒரு நோட்ட மூடி வச்சுட்டு வெளிய போய் நின்னது இத வாசிச்ச அன்னைக்குத்தான்.

என்ன பண்ணேனா? எழுதினது அம்மாவுக்கு, அவ அம்மா ஜுமகுல் கைல குடுத்தேன். ஜுமகுல் இந்தா, இதே பெஞ்சுல உக்காந்து படிச்சா. சிர்கா எதிர்ல நின்னுக்கிட்டிருந்தா, பதில் சொல்லும்மான்னு. ஜனங்க என்ன பேசுவாங்கன்னா அவ. அதுக்கு இந்தப் பொண்ணு, ஜனங்க யாரும் நம்ம வீட்ல தூங்கறதில்லையேம்மாங்கறா. ஜுமகுல் தாள மடிச்சு எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனா.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார். பக்கத்து ரூம்ல உடற்பயிற்சி வாத்தியார் இருக்காரு, சத்தம் கேட்டா எட்டிப் பாப்பாரு. நல்ல மனுசன், என்ன, கொஞ்சம் பெரிய உருவம். உக்காருங்க. டீ ஊத்தறேன்.

இன்னைக்கு அவ ஏன் வரலன்னு என்னக் கேட்டா? நாலு புள்ளைங்க வரல, காய்ச்சல் சீசன். அவங்க வீட்ல போய் விசாரிச்சீங்களா? யாருமே இல்லையா. சரி, வீட்ல யாருமே இல்லன்னா இந்தத் தாள் உங்களுக்கு எப்படிக் கெடச்சுச்சு? சும்மாதான் கேட்டேன். பதில் சொல்லணும்னு இல்ல.

ஒரு நிமிஷம், போன். இல்ல, எடுக்க வேண்டியதில்ல, கட்டாயிருச்சு. மிஸ்டு கால்தான்.

எங்க விட்டேன்? ஆங். மூணு காரணத்தோட பாடம் முடியல சார். கடைசியா ஒண்ணு இருக்கு, அதான் கஷ்டம். எதிர்ப்பக்கத்துக்காரன் இங்க வந்தா என்ன சொல்லுவான்னு நீயே எழுதணும். கேலி பண்ணாம, குறைக்காம, அவனே படிச்சாலும் ஆமான்னு தலையாட்டற மாதிரி. அப்புறந்தான் நீ உன் பதிலச் சொல்லலாம். பெரியவங்களுக்கே வராது அது. சிர்கா மூணு தடவ அழிச்சு அழிச்சு எழுதினா. அது ரெண்டாவது தாள்ல இருக்கு. அதுக்குத்தானே வந்தீங்க? எந்த ஊருக்குப் போகலாம்னு எழுதியிருக்கான்னு பாக்க.

இந்தாங்க. பீரோவுல இல்ல, என் பையிலதான் இருந்துச்சு. கீழ நாலு வரி கத்தரியால வெட்டியிருக்கேன், ஊர் பேர் அதுல இருந்துச்சு. அத அடுப்புல போட்டாச்சு, தேடாதீங்க. மிச்சம் அப்படியே இருக்கு.

கண்ணாடி இல்லையா? குடுங்க, நான் வாசிக்கறேன். அப்பா கெட்டவர் மட்டும் இல்ல. நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. வண்டி கெடைக்கல. அப்பா என்ன முதுகுல தூக்கிக்கிட்டுப் பனியில ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தார். நான் தூங்கிடக் கூடாதுன்னு வழியெல்லாம் பாடிக்கிட்டே வந்தார். அது நெசம். அத நான் மறக்க மாட்டேன். இருந்தாலும் நாம போகணும்மா.

இந்தாங்க, நீங்களே வச்சுக்குங்க. மறுபடி மெதுவாப் படிங்க, மிர்லான். ஆமா, உங்க பேர் தெரியும், அவளோட அதே நெத்தி உங்களுக்கு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அம்மாவும் பொண்ணும் ஏறின வேன் கணவாயத் தாண்டிருச்சு, அந்த மிஸ்டு கால்தான் சேதி. காலைல ஏத்திவிட்டது நான்தான்.