மஞ்சப் படகுல பாசி

தப்பு இல்ல சார், தெரிஞ்சிதான் பண்ணேன். உக்காருங்க. இந்தப் பக்கம் உக்காந்தாதான் ஃபேன் காத்து வரும். சென்னையிலேர்ந்து இந்தத் திண்டிவனம் மாடி வரைக்கும் ஏறி வந்துட்டீங்க, அதுவும் கார்ட்டூன்ல வர்ற ஒரு படகு கலருக்காக. டீ சொல்லிட்டேன், வரும்.

மத்ததுல ஏதாச்சும் கொறை சொல்லுங்க பார்ப்போம். ஆமைக்குட்டி ஓடு நீங்க சொன்ன கலருதான். ஆக்டோபஸ் ரோஸுன்னீங்க, போட்டேன். நண்டை செவப்பாக்கச் சொன்னப்ப சிரிச்சிட்டேன், ஆமா. பின்ன இன்னா சார், உசுரோட இருக்கற எங்க ஊரு நண்டு அப்டியா செவப்பா இருக்கும்? கொழம்புல வெந்தாதான் செவக்கும். அதையும் குடுத்தேன்ல? வெந்த நண்டு கண்ண முழிச்சிக்கினு கடல்ல ஓடுது, பசங்க பார்த்துச் சிரிக்குதுங்க. நான் மல்லுக்கு நிக்கற ஆளு இல்ல சார்.

படகு மட்டும் விட்டுடுங்க.

எபிசோடுக்கு எபிசோடு மாறுதுன்றீங்க. மாறத்தான சார் செய்யும்? கடலுக்கு அடியில கெடக்கற படகு அது. மொதல்ல பெயிண்ட் மங்கும். அப்புறம் ஓரமா பாசி புடிக்கும், வழுவழுன்னு. அதுக்கப்புறம் சிப்பி ஒட்டிக்கும், கை வெச்சா கிழிக்கும். கொஞ்சங்கொஞ்சமா நான்தான் ஏத்துனேன். இப்ப கடைசி எபிசோடுல அதைப் பளிச்சினு மஞ்சளாக்கி மேல கொண்ணாரணும், ஆமைக்குட்டி ஏறிக்கினு போவணும்ன்றீங்க.

அந்த மஞ்சளா? எங்க அண்ணன் இளவழகன் படகோட மஞ்ச சார். மரக்காணம் பக்கம் எங்க குப்பம். ஃபைபர் படகு வாங்குனப்ப, நீதான் கலரு படிச்சவ, சொல்லு ஷாலினின்னான். கரையிலேர்ந்து பார்த்தாலே தெரியணும்னு மஞ்ச சொன்னேன். ஐப்பசியில தொழிலுக்குப் போனவன் வரல. தேடிப் போனவங்க டீசல் கேன் ஒண்ணு கொண்ணாந்தாங்க. அவ்ளோதான் கெடைச்சிது.

பரவால்ல சார், உக்காருங்க. உங்களுக்கு எப்டித் தெரியும்.

எங்கம்மா நம்பல. விடிஞ்சா கரையில போய் நின்னுக்கினு மஞ்சளத் தேடும். அவனுக்குன்னு சோறு எடுத்து வெக்கும். செத்துட்டான்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல சார், இன்னிவரைக்கும் வரல. மொத எபிசோடு வரையறப்ப கை தானா அந்த மஞ்சள எடுத்துடிச்சி. அம்மா அதைப் போன்ல பார்த்துட்டு, நம்ம படகுடின்னு சொல்லிச்சி. அடுத்ததுல பாசி வெச்சேன். அப்புறம் சிப்பி வெச்சேன். அம்மா ஆமையப் பார்க்காது, நண்டப் பார்க்காது, அந்தப் படகையே பார்த்துக்கினு இருக்கும். எனக்குப் பயமா இருக்கும் சார். முடிஞ்சதும் போன என் கையில குடுத்துட்டு எழுந்து போயிடும்.

உங்க கதை நல்லாத்தான் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. வேற படகு ஒண்ணு வரட்டும். நீலமோ பச்சையோ, கேட்ட கலர்ல இப்பவே உக்காந்து போட்டுத் தர்றேன். மஞ்ச மட்டும் வேணாம் சார். ஞாயித்துக்கெழமதான் அம்மா அண்ணன் போட்டோவுக்கு மாலை போட்டுச்சி.