மூங்கில் புதரடியில் செல்லாயி

அபாயச் சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கி ஊதுகிறது. ரங்கூன். மார்கழி மாதம். காலை பத்து மணி இருக்கும். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அரிசி ஆலை முற்றத்தில் ஓடுகிறேன். பின்னால் என் வீட்டுக்காரர் கத்துகிறார்.

"படு! புள்ளைங்களோட படு!"

படுத்தேன். முதலில் சீழ்க்கை போல ஒரு சத்தம். பிறகு நிலம் தூக்கிப் போட்டது. ஜப்பான்காரன் விமானங்கள் போய்விட்டன. எழுந்து பார்த்தேன். நெல் எரிந்தது. அவர் நின்ற இடத்தில் அவர் இல்லை.

திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து பிழைக்கப் போனவர்கள் நாங்கள். ஊர் திரும்பக் கப்பலில் இடம் இல்லை. நடந்தோம். நானும் இரண்டு பெண்களும். செல்லாயிக்கு எட்டு வயது. பாப்பாத்திக்கு மூன்று. மலை. காடு. வழியெங்கும் பிணம். குடித்த தண்ணீரில் பேதி.

பன்னிரண்டாம் நாள். செல்லாயிக்கு வயிற்றால் போகிறது. கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிறாள். சின்னவள் என் இடுப்பில். இருவரையும் தூக்க எனக்குத் தெம்பில்லை. கூட வந்தவர்கள் நிற்கவில்லை. ஒரு மூங்கில் புதரடியில் அவளைச் சாய்த்தேன்.

"தண்ணி எடுத்துட்டு வாரேன், சாமி."

"அம்மா, நானும் வாரேன்."

நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பாப்பாத்தி என் இடுப்பிலேயே குளிர்ந்துபோனாள்.

எல்லை தாண்டி ரயில் ஏறினேன். மாசிக் கடைசியில் சேலத்தில் இறங்கினேன். நடந்தே ஊர் சேர்ந்தேன். வாசலில் கொழுந்தன். மூன்று பேரும் குண்டில் செத்தார்கள் என்றேன். ஊரே அழுதது. என் தலையைத் தடவியது. அடித்திருக்கலாம். கண்ணை மூடினால் செல்லாயி கூப்பிடுகிறாள். சோளக்காட்டில் களை வெட்டும்போதும் கூப்பிடுகிறாள். மூன்று முறை.

காலில் பட்ட காயம் அழுகியது. மிஷன் மருந்துச்சாலைக்குப் போனேன். அங்கே ஞானம்மா இருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுவார். நோயாளிகளுக்கு வேதம் வாசிப்பார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். பொய் வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். தப்பில்லை என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என் காலைப் பிடித்தபடியே பேசினார்.

"உட்டுட்டுத்தான் வந்திருக்கீங்க, அம்மிணி. இயேசு சாமிக்கு அது தெரியுமுங்க. தெரிஞ்சேதான் உங்களை வரச் சொல்றாரு."

"எம் புள்ளை?"

"நீங்க திரும்பிப் பாக்கலை. அவரு அவ பக்கத்துல உக்காந்திருந்தாருங்க."

அழுதேன். குண்டு விழுந்த நாளிலிருந்து அழாத அழுகை. மத்தியானம் அங்கேயே வெறுந்தரையில் தூங்கிப்போனேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வேப்பமரத்தில் கிளி கத்தியது. அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் கொழுந்தனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் துணி மூட்டையைத் தெருவில் எறிந்தார்.

"பெத்த புள்ளையக் காட்டுல உட்டவளுக்கு இந்த ஊட்டுல என்ன வேலை? போ வெளிய!"

கதவு சாத்திய சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. முன்பு என் தலையைத் தடவிய பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிணற்றில் தண்ணீர் சேந்த விடவில்லை.

மழைக்காலத்தில் ஞானஸ்நானம் பெற்றேன். மருந்துச்சாலையைப் பெருக்குகிறேன். அங்கேயே இருக்கிறேன். செல்லாயியின் குரல் சில நாள் இன்னும் வருகிறது. வந்தால் முழங்காலில் நிற்கிறேன். அவள் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறேன். மெல்ல ஓய்கிறது. நிம்மதி என்று நான் சொல்வது இதைத்தான். மறந்ததை அல்ல.

ரங்கூனில் நாங்கள் நான்கு பேர். ஊர் வந்து சேர்ந்தது ஒருத்தி. குண்டுக்குப் போனவர் என் வீட்டுக்காரர். உடல் கிடைக்கவில்லை. இடுப்பில் செத்தவள் பாப்பாத்தி. கையால் மண் பறித்துப் புதைத்தேன். செல்லாயியைச் செத்தவர்களோடு சேர்த்து எண்ண எனக்கு வாய் வரவில்லை. நான் விட்டு வந்தபோது அவளுக்கு உயிர் இருந்தது.